மோர்பாத் கணக்குகள்

கணக்கு எழுதுகிறவனுக்கு நடை என்று ஒன்று இருக்க முடியுமா என்று கேட்டால் சிரிப்பார்கள். வங்கியில் குமாஸ்தாவாகப் பல வருஷங்களைக் கழித்துவிட்ட நானும் சிரித்திருப்பேன். கொஞ்ச காலத்துக்கு முன் எங்கள் கிளையின் பழைய பேரேடுகளை, அழிப்பதற்கு முன்பாக, பட்டியல் எடுக்கும் வேலை எனக்கு வந்தது. கம்ப்யூட்டர் வருவதற்கு முந்திய காலத்தவை. பற்று, வரவு, இருப்பு என்ற கட்டங்களுக்கு முன்னால் 'விவரம்' என்று ஒரு கட்டம் இருக்கும். இரண்டு மூன்று வார்த்தைகளுக்கு மேல் அதில் இடமில்லை, தேவையும் இல்லை. ஆனால் ஒரு பேரேட்டில் யாரோ ஒருவர், பணம் எடுத்த இடங்களில் எல்லாம், 'மகள் கல்யாணத்துக்கு', 'கிணறு வெட்ட', 'மறுபடியும் கிணற்றுக்கு' என்று எழுதிக்கொண்டு போயிருந்தார். விதிகள் அவரிடம் இதைக் கேட்கவில்லை. அவர் யார் என்று விசாரித்தேன். கிளையில் ஒருவருக்கும் தெரியவில்லை.

இந்தச் சின்ன அனுபவம் இல்லாமலிருந்தால், ஈமன் டஃபி என்ற சரித்திராசிரியர் 2001-ல் வெளியிட்ட 'மோர்பாத்தின் குரல்கள்' என்ற புத்தகத்தை நான் வேறு மாதிரி படித்திருப்பேன். அந்தப் புத்தகம் முழுவதும் ஒரு கிராமத்துக் கோயிலின் வரவு செலவுக் கணக்கிலிருந்து எடுக்கப்பட்டது. கணக்கை எழுதியவர் அந்தக் கோயிலின் பாதிரியார். 1520-லிருந்து ஐம்பது வருஷத்துக்கும் மேலாக ஒரே கை எழுதிய கணக்கு.

மோர்பாத், இங்கிலாந்தின் தென்மேற்கில், டெவன் மாவட்டத்தின் வட எல்லையில், எக்ஸ்மூர் மேட்டு நிலத்தின் ஓரத்தில் இருக்கிற சிற்றூர். 16ஆம் நூற்றாண்டில் அங்கே 33 குடும்பங்கள் இருந்தன. தலைகளை எண்ணினால் 150 பேர் வரலாம். வளமில்லாத பூமி. ஆடு வளர்ப்புதான் பிரதானம். பெரிய நிலச்சுவான்தார் யாரும் ஊரில் குடியிருக்கவில்லை. ஊரின் மேல் உரிமை பக்கத்திலிருந்த பார்லிஞ்ச் மடத்துக்கு இருந்தது. கோயில் புனித ஜார்ஜின் பெயரில் உள்ளது. 1520-ல் அங்கே பங்குக் குருவாக வந்தவர் கிறிஸ்டஃபர் ட்ரிக்கி. எட்டாம் ஹென்றி, ஆறாம் எட்வர்டு, மேரி, எலிஸபெத் என்று நான்கு ஆட்சிகளில் அவர் அதே கோயிலில் இருந்தார். 1574-ல் இறந்தார்.

பள்ளிக்கூடப் பாடத்தில் இங்கிலாந்தின் மதச் சீர்திருத்தம் என்பது ராஜாவின் விவாகரத்து, போப்போடு தகராறு, பார்லிமெண்ட் சட்டம், எரிக்கப்பட்ட தியாகிகள் என்று போகும். பி.ஏ. வகுப்பில் எனக்குச் சொல்லித்தந்ததும் அதுதான். ஹென்றியின் மனைவியர் வரிசையை இப்போதும் ஒப்பிப்பேன். அந்தச் சட்டங்கள் எல்லாம் 33 வீடுகள் உள்ள ஓர் ஊருக்குள் வந்து இறங்கியபோது யார் எதை விற்றார்கள், யார் எதை ஒளித்து வைத்தார்கள், யார் எவ்வளவு கடன்பட்டார்கள் என்பதை எனக்கு ஒருவரும் சொல்லவில்லை. இலக்கியப் பாடத்திலும் அந்தக் காலத்து உரைநடை என்றால் அரசவையைச் சுற்றியிருந்த படித்தவர்கள் எழுதியதுதான்.

அந்தக் கோயிலின் பணம் ஒரே பெட்டியில் இல்லை. சீர்திருத்தத்துக்கு முன் அங்கே எட்டு வரையில் தனித்தனி நிதிகள் இருந்தன. அவற்றை 'ஸ்டோர்' என்று குறிப்பிடுகிறார் ட்ரிக்கி. நம் காதுக்குப் பலசரக்குக் கடை மாதிரி இருக்கிறது. மாதாவுக்கு ஒன்று, புனித அந்தோனியாருக்கு ஒன்று, இறந்தவர்களின் நினைவாக எரியும் விளக்குக்கு ஒன்று, ஊர் இளைஞர்களுக்கு ஒன்று, கல்யாணமாகாத பெண்களுக்கு ஒன்று. இந்த நிதிகள் பலவற்றுக்குச் சொந்தமாக ஆடுகள் உண்டு. ஆடுகள் கோயிலில் இல்லை. ஊர்க்காரர்கள் ஆளுக்கு ஒன்றிரண்டாகத் தங்கள் மந்தையோடு வைத்து மேய்த்தார்கள். ரோமமும் குட்டியும் விற்ற பணம் நிதிக்குப் போகும். அதிலிருந்து மெழுகுதிரி வாங்குவார்கள். வருஷத்தில் சில நாட்கள் கோயில் வீட்டில் பீர் காய்ச்சி விற்று, ஊர் கூடிக் குடித்து, அந்த லாபத்தையும் கோயிலுக்குச் சேர்ப்பார்கள். ஒவ்வொரு நிதிக்கும் வார்டன்கள் உண்டு. பொறுப்பு குடும்பங்களுக்குள் சுற்றி வரும். இளைஞர்களுக்கும் பெண்களுக்கும் அவர்களுக்குள்ளிருந்தே வார்டன்கள். தலைமை வார்டனாகப் பெண்கள் இருந்த வருஷங்களும் உண்டு.

வருஷத்துக்கு ஒரு முறை ஒவ்வொரு வார்டனும் ஊருக்கு முன் கணக்கு ஒப்புவிக்க வேண்டும். கணக்கை எழுதுபவர் ட்ரிக்கி. எழுதியது ஊர் கூடியிருக்கும்போது உரக்கப் படிக்கப்பட்டது. இதுதான் முக்கியம் என்று எனக்குப் படுகிறது. பேரேடு மேலதிகாரியின் கண்ணுக்காக எழுதப்படுவது. இது காதுக்காக எழுதப்பட்டது. 'இனி நீங்கள் கேட்கப் போவது' என்கிற பாவனை அவர் வாக்கியங்களில் இருக்கிறது. எழுத்துக்கூட்டல் டெவன் பேச்சின் ஒலியை ஒட்டிப் போகிறது. இடையிடையே கொஞ்சம் லத்தீன். ஒரு வார்டன் பேசுவதைப் போல ஆரம்பித்து, பாதியில் பாதிரியாரின் குரல் புகுந்து, கடைசியில் ஊரின் குரலாக முடிகிற இடங்களும் உண்டு. யார் பேசுகிறார்கள் என்று பிரிக்க முடியவில்லை. நவீன நாவலில் இதைப் பெரிய உத்தியாகப் பேசுகிறோம். அவருக்கு இது உத்தியாகத் தோன்றியிருக்காது. முன்னால் உட்கார்ந்திருந்தவர்களை அவருக்குப் பெயர் சொல்லித் தெரியும், அவ்வளவுதான்.

வந்த புதிதில் ட்ரிக்கி கோயிலுக்குப் புனித சிட்வெல்லின் சொரூபம் ஒன்றைக் கொண்டுவந்தார். எக்ஸெட்டர் நகரத்துப் புனிதை அவள். அரிவாளால் வெட்டுண்டு இறந்த பெண் என்று ஐதீகம். மோர்பாத்துக்கு அவள் அந்நியள். ட்ரிக்கியின் பிடிவாதமும் பொறுமையும் அவளை ஊர்க்காரியாக்கின. பெண்கள் சாகும்போது தங்கள் ஜெபமாலையை அவளுக்கென்று விட்டுப் போனார்கள். குழந்தைகளுக்கு அவள் பெயரை வைத்தார்கள். அவள் பாதத்துக்கு ஒரு வெள்ளிக் காலணி செய்யப்பட்டது. 1534-ல் ஒரு திருடன் கோயிலுக்குள் புகுந்து அந்தக் காலணியையும் பூசைப் பாத்திரம் ஒன்றையும் கொண்டுபோய்விட்டான். இளைஞர்களும் பெண்களும் தங்களுக்குள் கூடி, பணம் சேர்த்து, ஊர்ப்பணத்தில் ஒரு காசு எடுக்காமல் வேறு பாத்திரம் வாங்கி வைத்தார்கள். ட்ரிக்கி இதை எழுதும்போது அவருக்கிருந்த பெருமை மறைக்கப்படவில்லை.

இதையெல்லாம் படித்துவிட்டு, இழந்துபோன பொற்காலம் என்று மூக்கைச் சிந்துவது சுலபம். அதற்கும் கணக்கு இடம் தரவில்லை. கோயில் கிளார்க்குக்குத் தர வேண்டிய தானியத்தில் யார் எவ்வளவு தருவது என்று 1530-களில் ஊரில் பெரிய சண்டை வந்தது. வருஷக்கணக்காக இழுத்துத்தான் தீர்ந்தது. தங்கள் பங்கைத் தர மறுத்தவர்கள் இருந்தார்கள். ஒற்றுமை என்பது அந்த ஊரின் இயல்பாக இருக்கவில்லை. ஒவ்வொரு வருஷமும் பேசி, கெஞ்சி, கூட்டிக் கழித்து உண்டாக்கப்பட வேண்டியதாக இருந்தது. கணக்கு உரக்கப் படிக்கப்பட்டதே அதற்காகத்தான் என்று நினைக்கிறேன்.

ட்ரிக்கி தனக்கென்று கேட்டது ஒன்றே ஒன்று. இறந்தவர்களுக்கான பூசையில் அணிய ஒரு ஜோடி கறுப்புப் பூசையுடுப்பு. ஊரால் உடனே வாங்க முடியாது. கோயில் ஆடுகளின் ரோமத்தில் தசமபாகம் என்று தனக்குச் சேரவேண்டிய பங்கை அவர் எடுத்துக்கொள்ளாமல் அந்த உடுப்புக்கென்று ஒதுக்கிவைத்தார். கணக்கில் வருஷா வருஷம் இந்தத் தொகை ஊர்ந்து ஊர்ந்து வளர்கிறது. வங்கியில் ரெக்கரிங் டெபாஸிட் போடுகிற ஏழைகளைப் பார்த்திருக்கிறேன். இது அதைவிட மெதுவானது. இருபது வருஷத்துக்கு மேல் ஆயிற்று. 1547-ல் உடுப்பு வந்து சேர்ந்தது.

அந்த வருஷம் ஜனவரியில் எட்டாம் ஹென்றி இறந்துவிட்டார். ஒன்பது வயது எட்வர்டு ராஜா. அவனைச் சுற்றியிருந்தவர்கள் தீவிரச் சீர்திருத்தவாதிகள். இறந்தவர்களுக்காகப் பூசை செய்வது மூடநம்பிக்கை என்பது அவர்கள் கட்சி. அதே டிசம்பரில், இறந்தோர் பூசைக்கென விடப்பட்ட சொத்துக்களை எடுத்துக்கொள்ளும் சட்டம் வந்தது. இருபது வருஷம் காத்திருந்து வாங்கிய உடுப்பை அணிய அவருக்குக் கிடைத்த அவகாசம் சொற்பம். டஃபி இதை அதிகம் விஸ்தரிக்காமல் சொல்கிறார். நானும் அப்படியே விட்டுவிடுகிறேன்.

ஆனால் இடி திடீரென்று விழவில்லை. 1536-ல் சிறு மடங்களை மூடும் சட்டம் வந்து பார்லிஞ்ச் மடம் போயிற்று. மடத்தின் கண்ணாடி ஜன்னல் ஒன்றை, அரசாங்கத்தின் சார்பில் அங்கே காரியம் பார்த்த ஹியூ பாலெட், மோர்பாத் கோயிலுக்குக் கொடுத்தார். ஊர் அதை நன்றியோடு வாங்கி, செலவு செய்து, சுவரில் பதித்துக்கொண்டது. இடிக்கப்பட்ட வீட்டின் கதவைத் தன் வீட்டுக்கு வாங்குகிறவன், அடுத்தது தன் வீடு என்று நினைப்பதில்லை. 1538-ல் தாமஸ் கிராம்வெல்லின் ஆணை: சொரூபங்களுக்கு முன் விளக்கு எரியக் கூடாது. விளக்கு இல்லையென்றால் மெழுகு வேண்டாம். மெழுகு வேண்டாம் என்றால் நிதி எதற்கு, நிதிக்கு ஆடு எதற்கு? லண்டனில் எழுதிய ஒரு வரி, எக்ஸ்மூர் ஓரத்தில் இளைஞர்களும் பெண்களும் வார்டனாக இருந்து கணக்கு ஒப்புவித்த பழக்கத்தையே அழித்துவிட்டது. அதை எழுதியவர்களின் நோக்கம் அதுவாக இருந்திருக்காது. அவர்கள் மூடநம்பிக்கையைத்தான் அழித்தார்கள்.

எட்வர்டின் காலத்தில் சொரூபங்கள் போயின, பூசைச் சாமான்கள் விற்கப்பட்டன, கடன் ஏறிற்று. கணக்கின் நடையும் மாறுகிறது. பல நிதிகளின் பல குரல்கள் இருந்த இடத்தில் ஒரே வார்டனின் ஒல்லியான கணக்கு. விவரங்கள் சுருங்குகின்றன. பேசிக்கொண்டே இருந்த மனிதர் வாயை மூடிக்கொள்கிறார்.

அந்த மௌனத்தின் நடுவில் சில வரிகள் இருக்கின்றன. 1549 ஜூன் 9-ந் தேதி, பெந்தெகொஸ்தே ஞாயிறன்று, ஆங்கில வழிபாட்டுப் புத்தகம் நாடெங்கும் அமலுக்கு வந்தது. மறுநாள் டெவனில் ஸாம்ப்ஃபோர்டு கோர்ட்னி என்ற கிராமம் எதிர்த்துக் கிளம்பிற்று. அந்த வருஷம் ஆடுகளின் மேலும் துணியின் மேலும் புது வரி வேறு. கிளர்ச்சிக்காரர்கள் ஜூலை 2 முதல் எக்ஸெட்டர் நகரத்தை முற்றுகையிட்டார்கள். நகரத்துக்கு வெளியே செயின்ட் டேவிட்ஸ் டவுன் என்ற மேட்டில் அவர்கள் முகாம் இருந்தது. மோர்பாத் கணக்கில், அந்த முகாமுக்குப் புறப்பட்டுப்போன ஐந்து பேருக்குக் கொடுத்த பணம் பதிவாகியிருக்கிறது. ஒவ்வொருவர் பெயரும் இருக்கிறது.

இந்தக் கணக்கு 1904-லேயே அச்சாகிவிட்டது. இருந்தும் இந்த வரிகளின் அர்த்தம் வெகுகாலம் பிடிபடவில்லை. டஃபி கையெழுத்துப் படிக்குத் திரும்பிப் போய்ப் பார்த்து, ஊரே சேர்ந்து தன் பிள்ளைகளைக் கலகத்துக்கு அனுப்பி வைத்திருக்கிறது, அதைத் தன் கோயில் கணக்கிலும் எழுதி வைத்திருக்கிறது என்று காட்டினார். என் தொழிலில் இருப்பவன் இங்கே கொஞ்சம் நின்றுதான் மேலே போக முடியும். ராஜத்துரோகத்துக்கான செலவை 'இதர செலவு' என்று போட்டிருக்கலாம். போடாமலே விட்டிருக்கலாம். ஊர்ப்பணம் ஊருக்குத் தெரியாமல் செலவாகக் கூடாது என்ற பழக்கம், உயிர்ப் பயத்தைவிட வலுவாக இருந்திருக்கிறது.

முற்றுகை ஆகஸ்ட் 6-ந் தேதி முறிந்தது. கிளர்ச்சி ரத்தத்தில் முடிந்தது. அதை அடக்க வந்த ராஜாவின் படையில் முக்கியப் பதவி வகித்தவர் ஹியூ பாலெட். மோர்பாத்துக்கு ஜன்னல் கொடுத்த அதே பாலெட்.

பிறகு 1553-ல் மேரி ராணியானாள். பழைய மதம் திரும்பிற்று. ட்ரிக்கியின் குரலும் திரும்புகிறது. எட்வர்டின் காலத்தில் கோயில் எப்படிச் சீரழிந்தது என்று ஊருக்கே ஒரு சரித்திரம் போலச் சொல்கிறார். விற்றுவிட்டதாகவும் தொலைந்துவிட்டதாகவும் நினைத்த பொருட்கள் ஒவ்வொரு வீட்டிலிருந்தும் வெளிவருகின்றன. ஒருவர் உடுப்பு கொண்டுவருகிறார், ஒருவர் சொரூபம், ஒருவர் சித்திரம் தீட்டிய துணி. அழிக்கச் சொல்லி அரசு ஆணையிட்டதை ஊர் பரணில் வைத்துக் காத்திருக்கிறது. கொண்டுவந்தவர்களின் பெயர்களை அவர் சொல்லும்போது பழைய காலத்துக் கணக்கின் உற்சாகம் இருக்கிறது.

ஐந்து வருஷம்தான். 1558-ல் எலிஸபெத். மறுபடியும் ஆங்கிலப் புத்தகம், மறுபடியும் பீடத்தைக் கலைத்தல். ட்ரிக்கி இந்த முறையும் ஊரைவிட்டுப் போகவில்லை. புதுச் சடங்கை நடத்தினார். புலம்பவும் இல்லை. இன்னும் பதினாறு வருஷம் உயிரோடிருந்தார்.

இவரை என்னவென்று சொல்வது? ஆட்சிக்கு ஆட்சி மதம் மாறிப் பதவியில் ஒட்டிக்கொண்ட 'பிரேயின் பாதிரி' என்று ஆங்கிலத்தில் ஒரு கேலி வழக்கு உண்டு. அந்தச் சட்டையை இவருக்கும் மாட்டிவிடலாம். மாறாக, உள்ளுக்குள் கடைசிவரை பழைய விசுவாசி, வெளியில் நடித்தார் என்றும் சொல்லிப் பார்க்கலாம். டஃபி கத்தோலிக்கர், அழிந்த பழைய மதத்தின் மேல் அவருக்குள்ள பரிவு புத்தகத்தில் வெளிப்படையானது. இருந்தும் ட்ரிக்கியைத் தியாகியாக்கும் ஆசைக்கு அவர் இடம் கொடுக்கவில்லை. எலிஸபெத் காலத்தின் ட்ரிக்கி புதிய ஏற்பாட்டுக்குள் மெய்யாகவே குடியேறிவிட்டார் என்றுதான் காட்டுகிறார். அவரைப் பிடித்து வைத்தது கோட்பாடு அல்ல, ஊர்.

நம்முடைய சின்ன வட்டத்தில் 'சமரசம்' என்பதைப் போல அடிக்கடி வீசப்படும் கல் வேறொன்றில்லை. அதை நானும் எறிந்திருக்கிறேன். பெரிய பத்திரிகையில் ஒரு கதை வந்துவிட்டால் போதும், அவனோடு பேச்சை நிறுத்தியிருக்கிறேன். போகாதவன் சமரசவாதி, வெளியேறியவன் தூய்மையானவன் என்ற கணக்கு எனக்கு வெகுநாள் டாலி ஆகிக்கொண்டிருந்தது. ட்ரிக்கியைப் படித்த பிறகு ஆகவில்லை. 1549-லோ 1559-லோ அவர் கோபித்துக்கொண்டு போயிருந்தால் அவருடைய மனசாட்சி சுத்தமாயிருக்கும். மோர்பாத்துக்கு லண்டனிலிருந்து வேறொருவர் ஆணைகளை மட்டும் படித்துக் காட்ட வந்திருப்பார். அதற்காக இருந்ததே நியாயம் என்று தீர்ப்புச் சொல்லவும் எனக்கு மனம் வரவில்லை. ஐந்து பையன்களை அனுப்பிவைத்த ஊர் அது. அவர்கள் எதற்காகப் புறப்பட்டுப் போனார்களோ அதற்கு எதிரான புத்தகத்தை அதே கோயிலில் நின்று அவர் வாசித்தார். கேட்டுக்கொண்டிருந்தவர்களில் அந்தப் பையன்களின் சொந்தக்காரர்கள் இருந்திருப்பார்கள். சமரசம் என்ற வார்த்தை இதற்குப் போதாது என்பதுதான் என் கட்சி. அந்த வார்த்தையைச் சொன்னதும் யோசிப்பது நின்றுவிடுகிறது. ஒருவன் எதை விட்டுக்கொடுத்தான் என்று மட்டும் அது கேட்கிறது. எதை விட்டுக்கொடுக்காமல் இருப்பதற்காக என்று கேட்பதில்லை.

ட்ரிக்கி விட்டுக்கொடுக்காதது கணக்கு. ஆட்சி எதுவானாலும், கோயிலில் என்ன இருந்தாலும் இல்லாவிட்டாலும், ஊர்ப்பணம் எங்கிருந்து வந்தது எங்கே போயிற்று என்பதை ஊருக்குச் சொல்லியாக வேண்டும் என்பது அவருக்கு மாறவில்லை. அது சின்ன விசுவாசம்தான். பெரிய விசுவாசங்கள் நான்கு முறை புரண்ட காலத்தில் அது ஒன்று புரளாமல் இருந்திருக்கிறது.

மோர்பாத் கோயில் இன்றும் நிற்கிறது. 19ஆம் நூற்றாண்டில் அதைப் பெரிய அளவில் புதுப்பித்தார்கள். சிட்வெல்லின் சொரூபம் இல்லை. கோயிலைப் பார்க்கப் போகிறவர்களைவிடக் கணக்கைப் படிக்கிறவர்கள்தான் பழைய கோயிலுக்குள் நுழைய முடியும் என்று தோன்றுகிறது.

எங்கள் கிளைப் பேரேடுகளின் பட்டியலை நான் முடித்துக் கொடுத்துவிட்டேன். வரிசை எண், வருஷம், பக்கங்கள் என்று மூன்று கட்டங்கள்தான் கேட்டிருந்தார்கள். கிணறு வெட்டப் பணம் எடுத்தவரின் பேரேட்டுக்கு நேராக, இடமில்லாத இடத்தில், 'கிணற்றில் தண்ணீர் வந்ததா என்று குறிப்பு இல்லை' என்று எழுதினேன். அதை யாரும் அடிக்கவில்லை, படித்திருக்கவும் மாட்டார்கள்.